கையால் இயக்கும் செயின் பிளாக்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் முறை

இந்த வழிமுறை, பல்சக்கரங்களும் வெஸ்டன் வகை பிரேக்கும் கொண்டு, மேலே தொங்கவிட்டுக் கைச் செயினால் இயக்கிச் சுமை தூக்கும் ஒரு டன் செயின் பிளாக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அரை டன்னுக்கும் மூன்று டன்னுக்கும் அளவுகள் மாறுமே தவிர முறை மாறாது. பிடியை முன்னும் பின்னும் அசைத்து இயக்கும் லீவர் பிளாக்கின் பிரேக்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனாலும் திசை மாற்றும் அமைப்பு அதில் கூடுதலாக இருப்பதால், இங்கே சொல்வதை அதற்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

கோளாறைத் தேடும் முன் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது தெளிவாக வேண்டும். அது தெளியாதவர் செயின் பிளாக்கைக் கழற்றுவதைவிடக் கழற்றாமல் இருப்பதே நல்லது.

கொக்கி 1 மீட்டர் உயர, கைச் செயினை ஏறத்தாழ 40 மீட்டர் இழுக்க வேண்டிய ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். உராய்வே இல்லாவிட்டால் 1000 கிலோவைத் தூக்க 25 கிலோ இழுவிசை போதும். எந்திரத்தின் திறன் 80 விழுக்காடு என்றால் 31 கிலோ அளவு தேவைப்படும். ஒருவர் தனியாக இழுக்கக்கூடிய விசை இது. ஆனால் இந்த நல்ல திறனுக்கு ஒரு விலை உண்டு. கொடுத்த உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் வீணாகும் எந்திரம், கையை விட்டாலும் பின்னோக்கி ஓடாது; தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கிய, ஒரே அச்சில் சற்றே வேறுபட்ட இரு விட்டங்கள் கொண்ட கப்பி அந்த வகையைச் சேர்ந்தது. பல்சக்கரம் வைத்து உராய்வைக் குறைத்துவிட்டால், கையை விட்ட நொடியில் சுமை கீழே ஓடிவிடும். எனவே அதைப் பிடித்து நிறுத்தத் தனியாக ஒரு பிரேக் வேண்டியதாயிற்று. அந்த பிரேக்கும் வெஸ்டன் பெயராலேயே வழங்குகிறது.

அதன் அமைப்பு இது. பினியன் எனப்படும் சிறு பல்சக்கரத்தைத் தாங்கிய தண்டின் ஒரு முனையில் திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கும். கைச் செயின் ஓடும் சக்கரம் அந்தப் புரியில் ஒரு நட்டைப் போல ஏறி அமர்ந்திருக்கும். தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டுக்கும் இந்தக் கைச்சக்கரத்துக்கும் இடையில் உராய்ந்து பிடிக்கும் இரண்டு லைனிங் வட்டுகளும், அவற்றுக்கு நடுவே சாய்ந்த பற்கள் கொண்ட ஒரு ராட்செட் சக்கரமும் இருக்கும். ராட்செட்டின் பற்களில் ஸ்பிரிங் விசையால் விழும் தடைநாக்குகள், அதை ஏற்றும் திசையில் மட்டுமே சுழல விடும். ஏற்றும்போது கைச்சக்கரம் புரியில் உள்நோக்கி இறுகி, வட்டுகளையும் ராட்செட்டையும் நெருக்கி, எல்லாம் ஒரே துண்டாகச் சுழலும். கையை விட்டதும் சுமை தண்டைப் பின்னோக்கித் திருப்ப முயலும். அந்த முயற்சியே புரியை மேலும் இறுக்கும். ராட்செட் பின்னோக்கிச் சுழல முடியாததால் சுமை அங்கேயே நிற்கும். இறக்கும்போது கைச்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்புகிறோம். இறுக்கம் நொடிப்பொழுது தளர்கிறது. சுமை தண்டைத் திருப்பிக்கொண்டு வந்து மீண்டும் இறுக்குகிறது. இறங்குதல் என்பது இந்தத் தளர்வும் இறுக்கமும் மாறி மாறி நிகழ்வதுதான்.

ஆக, பிரேக்கை இறுக்குவது சுமையே. இந்த ஒன்றிலிருந்துதான் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடைக்கிறது. இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ இதில் தனி ஸ்குரூ எதுவும் கிடையாது. "பிரேக்கை அட்ஜஸ்ட் செய்து கொடுங்கள்" என்று பிளாக்கைக் கொண்டுவருபவர்களிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி அதுவே.

எந்த அறிகுறியாக இருந்தாலும், சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது கைச்சக்கரத்தின் மூடியைத் திறக்கக் கூடாது. கைச்சக்கரமே பிரேக்கின் பாதி. அதைத் தளர்த்தினால் பிரேக் இல்லை. சுமைக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கியோ, இன்னொரு செயின் பிளாக்கை மாட்டியோ பாரத்தை அதன்மேல் மாற்றிய பிறகே மற்ற வேலை.

கையை விட்டதும் சுமை தானாக இறங்குகிறது

இந்தப் புகாரை நான்காகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் லைனிங்கை மாற்றுவதில் பயனில்லை.

முதலில், கையை விட்டதும் மயிரிழை அளவு இறங்கி அப்படியே நின்றுவிடுவது கோளாறு அல்ல. தடைநாக்கு இரண்டு பற்களுக்கு இடையே எங்கேயோ நிற்கும்போது கையை விட்டால், முந்தைய பல்லில் போய் முட்டும்வரை ராட்செட் பின்னோக்கி நகரும். கைச்சக்கரத்தின் சுற்றளவு 470 மி.மீ. என்றும், கைச் செயினுக்கும் கொக்கிக்கும் உள்ள விகிதம் 40க்கு 1 என்றும் கொண்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கொக்கி 12 மி.மீ. அளவே நகர்கிறது. ராட்செட்டில் 16 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுமை இறங்கினால் அதைப் பல்லின் இடைவெளி என்று சமாதானம் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, வெறும் கொக்கியோ மிக இலேசான பொருளோ தொங்கும்போது மட்டும் வழுக்கி, பாரம் ஏற்றினால் உறுதியாக நிற்பது. இறுக்குவதற்குப் போதிய சுமை இல்லாததால் இப்படி நேரலாம். ஒரு டன் பிளாக்கை வைத்து இருபது கிலோ பொருளைத் தூக்குபவர் இதைப் புகாராகக் கொண்டுவருவார். அவருக்குத் தேவை சிறிய பிளாக். ஆனால், முன்பு இலேசான பாரத்தையும் பிடித்துக்கொண்டிருந்த பிளாக் இப்போது பிடிக்கவில்லை என்றால், லைனிங்கில் எண்ணெய் படியத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பாரம் மெதுவாக, விட்டுவிட்டோ தொடர்ச்சியாகவோ நழுவுவது. இதை உறுதி செய்ய, சுமையைத் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல் நிறுத்தி, பிளாக்கின் உடலை ஒட்டி சுமையைத் தாங்கும் லோடு செயினில் ஒரு சாக்பீஸ் கோடும், கைச் செயினில் ஒரு கோடும் போட்டுவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் நகர்ந்திருந்தால் வழுக்குவது பிரேக்தான். தண்டும் கைச்சக்கரமும் ஒன்றாகத் திரும்ப, ராட்செட் மட்டும் அசையாமல் நிற்கிறது என்பது அதன் பொருள். சுமை தாழ்ந்திருக்கிறது, கைச் செயின் கோடு மட்டும் நகரவில்லை என்றால் பிரேக்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்: லோடு செயின் தன் சக்கரத்தின் குழிவிலிருந்து நழுவியிருக்கலாம், சுமையைக் கட்டிய ஸ்லிங் இழுபட்டிருக்கலாம், மேலே பிளாக்கைத் தாங்கும் உத்தரமோ அதன் கவ்வியோ இடம்பெயர்ந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை அண்ணாந்து பார்ப்பவர் குறைவு; ஆனால் ஆபத்தில் அதுவே எல்லாவற்றையும்விடப் பெரியது.

பிரேக் வழுக்குகிறது என்று தெரிந்தால், சுமையை நீக்கி, பிளாக்கைக் கீழே இறக்கி, மேசையில் வைத்துக் கழற்றலாம். முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். கியர் பக்கத்து கிரீஸ் தண்டு வழியே கசிந்து வந்திருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, துரு பிடிக்கக் கூடாதே என்று யாரோ ஒருவர் பிளாக் முழுவதையும் பழைய இன்ஜின் ஆயிலால் குளிப்பாட்டியிருப்பது. பெரும்பாலான தயாரிப்புகளில் இந்த லைனிங் உலர்ந்தே இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் படிந்த எண்ணெயை, காய்ந்தபின் படலம் விடாத பிரேக் கிளீனரால் துடைத்தெடுக்கலாம்; உள்ளே ஊறிப்போன வட்டை எதனாலும் மீட்க முடியாது. மண்ணெண்ணெயும் டீசலும் தாங்களே ஒரு படலத்தை விட்டுச் செல்வதால் அவற்றால் கழுவுவது கோளாறைப் புதுப்பிப்பதாகும்.

அடுத்தது தேய்மானம். வட்டின் கனத்தை வெர்னியரால் பல இடங்களில் அளந்து, அந்த மாதிரிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. கண்ணாடி போல மினுமினுக்கும் வட்டை எமரித் தாளில் தேய்த்து மீண்டும் போடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தேய்க்கும்போது வட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை, மினுக்கத்துக்குக் காரணமான வெப்பமோ எண்ணெயோ விலகிவிடுவதும் இல்லை. புதிய வட்டின் விலையைத் தூக்கப்போகும் பொருளின் விலையோடு ஒப்பிட்டால் இதில் தயங்க இடமில்லை. பழைய பிளாக்குகளின் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், உள்ளே படிந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வட்டு உரசும் இரும்பு முகங்களில் ஆழமான கீறலோ, நீலம் பாரித்த வெப்பத் தடமோ இருந்தால் அந்தப் பாகங்களும் மாற்றத்துக்கு உரியவை. திருகுப் புரியில் பிசிறோ துருவோ இருந்தால் கைச்சக்கரம் முழுவதுமாக இறுகாமல் நடுவழியில் நின்றுவிடும். லைனிங் புதிதாக இருந்தும் வழுக்கும் பிளாக்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

நான்காவது, சுமை சடாரென்று கீழே ஓடி, கைச் செயின் பின்னோக்கிச் சுழன்று பறப்பது. இது லைனிங்கின் தேய்மானத்தால் திடீரென்று வருவதில்லை. தடைநாக்கு பல்லில் விழவில்லை என்பதே இதன் முதற்பொருள். இதற்கான முன்னறிவிப்பைப் பிளாக் முன்பே கொடுத்திருக்கும். ஏற்றும்போது கேட்கும் 'டிக் டிக்' ஒலி, தடைநாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டி விழும் ஒலி. அது மங்கினாலோ, சீரற்றுக் கேட்டாலோ, நின்றேபோனாலோ, சுமை இன்னும் நிற்கிறதே என்று பார்க்காமல் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று தடைநாக்கில் கிரீஸை அப்பி அடக்கியவர்களும் உண்டு. இறுகிப்போன கிரீஸ் தடைநாக்கைப் பின்னிலேயே ஒட்டவைத்துவிடும். நாக்கையும் பின்னையும் கழுவி, பின்னில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றி, நாக்கின் நுனியும் ராட்செட்டின் பற்களும் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு தடைநாக்குகள் இருப்பது ஒன்று தவறினால் மற்றது பிடிக்கட்டும் என்பதற்காக. ஒன்று வேலை செய்கிறதே என்று மூடிவிடுவது அந்த ஏற்பாட்டையே பொருளற்றதாக்கும்.

சுமை இறங்க மறுக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிரான இந்தக் கோளாறு பயமுறுத்துமே தவிர, பெரும்பாலும் எந்திரம் பழுதானதால் வருவதில்லை. சுமையே பிரேக்கை இறுக்குகிறது என்றால், சுமை நீண்ட நேரம் தொங்கினாலோ, அளவுக்கு மிஞ்சி இருந்தாலோ, குலுங்கி விழுந்து அதிர்ச்சி கொடுத்தாலோ, அந்த இறுக்கம் சாதாரணமான இழுப்பில் தளராத அளவுக்கு ஏறிவிடும்.

முதலில் லோடு செயினின் மறுமுனையைப் பார்க்க வேண்டும். பாரம் தொங்காத பக்கத்தில் செயின் தீர்ந்துபோய், அதன் கடைசிக் கண்ணி உடலோடு கோத்த பின்னில் இழுபட்டு நின்றால், பிளாக் இறக்க மறுப்பது நியாயமே. அந்த முனை செயின் முழுவதும் வெளியே ஓடிவிடாமல் காப்பதற்காக இருக்கிறது. பாரம் தாங்கும் பாகமாக அதைக் கருதக் கூடாது. இந்த நிலையிலும் கைச் செயினைப் பலமாக இழுத்தால் பிரேக் மேலும் பூட்டிக்கொள்ளும். ஏற்றும் திசையில் சில கண்ணிகள் திருப்பிவிட்டு, நீளமான செயின் கொண்ட வேறு பிளாக்கைத் தேட வேண்டும். இதேபோல, கொக்கியை மேலே உடலோடு முட்டும்வரை ஏற்றிவிட்டாலும் பிரேக் பூட்டிக்கொள்ளும்.

முனையில் செயின் மிச்சமிருக்கிறது, கீழே தடையும் இல்லை என்றால், கைச் செயினில் சற்றுத் தொய்வு விட்டு, இறக்கும் திசையில் ஒரே வெட்டாகச் சுண்டி இழுக்க வேண்டும். தொடர்ந்து தொங்கி இழுப்பதைவிட இந்தச் சுண்டலே புரியின் ஒட்டலை விடுவிக்கிறது. இரண்டு மூன்று முறை சுண்டியும் விடவில்லை என்றால், இன்னும் இருவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வதும், கைச்சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுவதும், இடுக்கில் கம்பி விட்டு நெம்புவதும் கூடாது. சுமையை ஜாக்கியாலோ வேறு பிளாக்காலோ தாங்கி, செயினில் இறுக்கம் இல்லாமல் செய்துவிட்டுப் பிறகு சுண்டினால் ஏறத்தாழ எப்போதும் விட்டுவிடும்.

பாரமே இல்லாத நிலையிலும் பூட்டிக் கிடக்கும் பிளாக் வேறு கதை. சுமையைக் கைச் செயினால் இறக்காமல், கட்டை வைத்துத் தாங்கிவிட்டுக் கொக்கியை அப்படியே கழற்றியிருந்தால், பிரேக் முந்தைய இறுக்கத்திலேயே நிற்கும். ஒரு சுண்டலில் தளரும். மழையில் கிடந்து லைனிங்கும் ராட்செட்டும் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் கழற்றியே தீர வேண்டும். கடற்கரையோரப் படகுத் துறைகளில் வேலை செய்யும் பிளாக்குகளுக்கு இது ஆண்டுதோறும் வரும் நோய்.

பழுதுபார்த்து வந்த உடனேயே இறங்க மறுக்கும் பிளாக்கில், தண்டின் முனையிலுள்ள பள்ளம் வெட்டிய நட்டைப் பாருங்கள். கைச்சக்கரம் புரியில் சிறிது பின்வாங்க இடம் விட்டு அந்த நட்டை நிறுத்தி ஸ்பிளிட் பின் போட வேண்டும். எல்லா நட்டையும் போல இறுக முறுக்கிவிட்டால் சக்கரத்துக்குத் தளர வழியில்லை. ராட்செட் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் நேர்வது இதைவிடக் கொடியது: பற்களின் சாய்வு மாறிப்போய், தடைநாக்கு பிடிக்க வேண்டிய திசையில் வழுக்கும். கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தின் வெளிமுகத்திலும் சாக்பீஸால் குறியிடுவது இதற்காகத்தான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி.

இழுக்கக் கனமாக இருக்கிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளாக்கை அல்ல, சுமையை. எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ. 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், கால் மீட்டர் கனமுள்ள எஃகுக் கட்டி பார்வைக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் அதன் எடை 981 கிலோ. ஸ்லிங்கும் அதை இணைக்கும் ஷேக்கிள் வளையமும் சேர்ந்தால் ஒரு டன் பிளாக்கின் எல்லையை அது தொட்டுவிடுகிறது. எடை சரியாகவே இருந்தாலும், கழற்றாமல் விட்ட ஓர் அடித்தள போல்ட்டோ, பழைய கேஸ்கட்டின் ஒட்டலோ, சேற்றின் உறிஞ்சலோ, பம்பு ஒன்றைத் தூக்கும் வேலையைத் தரையையே தூக்கும் வேலையாக மாற்றிவிடும்.

இதில் ஒரு விதியை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒருவர் இழுக்க முடியாவிட்டால் இரண்டாமவர் செயினில் கை வைக்கக் கூடாது. பிளாக்கை வடிவமைத்தவர் பல்சக்கர விகிதத்தை ஒரு மனிதரின் இழுவிசைக்குக் கணக்கிட்டிருக்கிறார். 31 கிலோவில் ஏற வேண்டிய சுமைக்கு 60 கிலோ தேவைப்படுகிறது என்றால், செயினில் ஏறியிருப்பது ஏறத்தாழ இரண்டு டன், அல்லது உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ஆளைச் சேர்ப்பதால் இந்த இரண்டில் எதுவும் தீர்வதில்லை. மிகைச்சுமைத் தடுப்பு உள்ள மாதிரிகளில், அளவு மீறும்போது கைச்சக்கரம் மட்டும் சுழன்று கொக்கி நகராது. அதைக் கோளாறு என்று எண்ணி இறுக்கி வைப்பவர், தனக்காக வைத்த காவலைத் தானே அகற்றுகிறார்.

சுமையைக் கழற்றிவிட்டு வெறும் கொக்கியோடு இழுத்துப் பார்த்தால் வழி தெளிவாகும். வெறுமனே இலேசாக ஓடினால் குறை சுமையில். வெறுமனேயும் கனத்தால், கியர் மூடியைத் திறந்து காய்ந்துபோன கிரீஸை முழுவதும் கழுவிப் புதிது போட வேண்டும். பினியன் தண்டு, லோடு செயின் ஓடும் லோடு சக்கரத்தின் நடுத்துளை வழியே மறுபக்கம் வந்து, எதிரெதிராக நிற்கும் இரண்டு பல்சக்கரங்களை ஓட்டும் அமைப்பே பரவலாகக் காணப்படுவது. அந்த இரண்டிலும் பொறித்த குறிகள் கையேட்டில் காட்டியபடி நேர்ப்பட நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும், சுமையை இரண்டும் பகிர்வதற்குப் பதில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சில இடங்களில் சுழலவே சுழலாது.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் கனத்தால் லோடு செயின் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவில் எண்ணெய் இருக்க வேண்டும். வெளியே பூசிய கிரீஸால் பயனில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்படச் சாலைகளைப் போல மணல் பறக்கும் இடங்களில் அந்த கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துச் செயினை அரைத்துவிடும். அங்கே உலர்ந்த மசகுப் படலமே ஏற்றது.

லோடு செயின் குதிக்கிறது, 'டக்' என்று அதிர்கிறது

செயின் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது முதல் படி. செயின் இரண்டு வரிசையாகத் தொங்கும் பிளாக்கில், கீழ்க்கொக்கி இரு வரிசைகளுக்கும் நடுவே புகுந்து கவிழ்ந்திருந்தால், செயினில் ஒரு முழு முறுக்கு விழுந்திருக்கும். பாரம் ஏற்றினால் கண்ணிகள் வளையும். கொக்கியை வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டுமே ஒழிய, செயினைக் கழற்றி நேராக்க முயல வேண்டாம்.

முறுக்கு இல்லை என்றால் அளக்க வேண்டும். 6 மி.மீ. கம்பியில் 18 மி.மீ. கண்ணி நீளம் கொண்ட செயினில் 11 கண்ணிகளின் நீளம் 198 மி.மீ. இது 2 விழுக்காடு கூடி 202ஐத் தொட்டால் செயினின் ஆயுள் முடிந்தது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. கம்பியின் விட்டம் 10 விழுக்காடு தேய்ந்து 5.4 மி.மீட்டருக்கு வந்தாலும் அப்படியே. வெறும் 4 மி.மீ. நீட்சிக்காக ஒரு செயினைத் தூக்கி எறிவதா என்று கேட்பார்கள். லோடு சக்கரத்தின் குழிவுகள் குறிப்பிட்ட கண்ணி நீளத்துக்கே வெட்டப்பட்டவை. நீண்ட கண்ணி குழிவில் அமராமல் அதன் விளிம்பில் ஏறி நின்று, பாரம் கூடும்போது சரிந்து விழும். காதில் விழும் 'டக்' அந்தச் சரிவே. எப்போதும் ஒரே உயரத்தில் வேலை செய்யும் பிளாக்கில் செயினின் ஒரு பகுதி மட்டுமே தேய்ந்திருக்கும் என்பதால், அங்கங்கே பல இடங்களில் அளக்க வேண்டும்.

கம்பியின் கனம் ஒத்திருக்கிறதே என்று வேறு தயாரிப்பின் செயினைப் போடுவது நம் பட்டறைகளில் சாதாரணம். ஒரு டன்னுக்கு 6×18 செயின் போடுவோரும் இருக்கிறார்கள், 6.3×19.1 போடுவோரும் இருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியாது. 11 கண்ணிகளில் அது 12 மி.மீ. ஆகிவிடும். முதல் நாளே குதிக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணச் செயினைப் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்: இங்கே வேண்டியது கண்ணி நீளம் துல்லியமாக ஒத்த, வெப்பப் பதமிட்ட, 80ஆம் தரக் கலப்பு எஃகுச் செயின். அறுந்ததை வெல்டிங் செய்வதும், போல்ட் போட்டு இணைப்பதும் அந்த வெப்பப் பதத்தையும் அளவையும் ஒருசேர அழிக்கும்.

புதுச் செயின் கோக்கும்போது, சக்கரத்தின்மேல் செங்குத்தாக நிற்கும் கண்ணிகளின் வெல்டு சக்கரத்தைப் பாராமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். குழிவுகள் தேய்ந்திருந்தால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் பழைய சக்கரம் புதுச் செயினை விரைவில் தனக்கு ஏற்றபடி கெடுத்துவிடும்.

கைச் செயின் சக்கரத்திலிருந்து நழுவுகிறது

பெரும்பாலும் பக்கவாட்டில் நின்று இழுப்பதே காரணம். சக்கரத்தின் தளத்துக்கு நேராக நிற்க வேண்டும். நேராக நின்றும் நழுவினால், மூடியிலுள்ள வழிகாட்டி கீழே விழுந்து நசுங்கியிருக்கும், அல்லது கைச் செயினில் ஒரு முறுக்கோடு இணைப்புக் கண்ணியை மூடியிருப்பார்கள்.

கொக்கியின் வாய் விரிந்திருக்கிறது

கொக்கியின் பூட்டுத்தகடு உள்ளே போய் விழுவதை வைத்துத்தான் பெரும்பாலும் இது தெரியவரும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. பி30.10, வாயின் அகலம் 5 விழுக்காடு கூடினாலே கொக்கியை விலக்கச் சொல்கிறது. 30 மி.மீ. வாய்க்கு அது ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணளவில் பிடிபடாது. கொக்கி புதிதாக இருக்கும்போதே வாயின் இரு பக்கமும் குறித்துவைத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே வெர்னியர் வைத்து அளந்து, அந்த அளவைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் பிறகு வாதம் எழாது. கண்ணுக்குத் தெரியும் முறுக்கு இருந்தாலும் கொக்கி விலக்கத்துக்கு உரியதே.

விரிந்த கொக்கியைச் சூடாக்கி அடித்து மூடுவது குற்றத்துக்குச் சமம். கொக்கி திடீரென்று உடையாமல், மெல்ல விரிந்து காட்டும்படியான எஃகால் செய்யப்படுகிறது. அது விரிந்திருப்பது பிளாக் அளவு மீறிய பாரத்தைக் கண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி. எனவே கொக்கியை மட்டும் மாற்றிவிட்டு வேலைக்கு அனுப்பாமல், செயினின் நீளம், லோடு சக்கரத்தின் குழிவு, பல்சக்கரங்களின் அடிவேர், மேல்கொக்கியின் பின் ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். பாரம் கொக்கியின் நுனியில் தொங்கியிருந்தால், அளவுக்கு உட்பட்ட பாரத்திலேயே வாய் விரிந்திருக்கலாம். நுனியில் புதிதாக விழுந்த தேய்ப்புத் தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மீண்டும் வேலைக்கு அனுப்பும் முன்

வெறும் கொக்கியோடு செயினின் முழு நீளத்துக்கும் ஏற்றி இறக்கி, டிக் ஒலியைக் கவனித்துக் கேட்ட பிறகு, சிறு பாரத்தோடு ஒரு முறை தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரேக், செயின், கொக்கி போன்ற பாரம் தாங்கும் பாகம் எதுவும் மாற்றப்பட்டிருந்தால், தாங்குதிறனுக்குக் குறையாமலும் அதன் 125 விழுக்காட்டுக்கு மிகாமலும் உள்ள, எடை தெரிந்த பாரத்தால் சோதிப்பது முறை. பாரம் தரையிலிருந்து சற்றே உயர்ந்திருந்தால் போதும். சாக்பீஸ் கோடுகள் இங்கும் உதவும். ஏற்றும்போது நடுவில் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தியும், இறக்கும்போது அதேபோல நிறுத்தியும் பார்க்க வேண்டும். ஏனெனில் இறங்கும்போது நிறுத்துவதில்தான் பிரேக் கடினமாகச் சோதிக்கப்படுகிறது.

இந்தியாவில் இவ்வகைப் பிளாக்குகளுக்கான தர ஆவணம் ஐ.எஸ். 3832. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று வகுத்தது. அந்தப் பதிவேட்டில் 11 கண்ணிகளின் நீளம், கம்பியின் விட்டம், கொக்கி வாயின் அகலம், லைனிங் வட்டின் கனம் ஆகிய நான்கு எண்களையும் ஒவ்வொரு முறையும் எழுதிவந்தால், அடுத்த பழுது எந்தப் பாகத்தில் வரப்போகிறது என்பதை அறிகுறி தோன்றும் முன்பே பார்த்துவிட முடியும். சோதனையில் தவறிய பிளாக்கை மூலையில் போட்டுவைத்தால் அவசர வேலை வரும் நாளில் யாரேனும் எடுத்து மாட்டிவிடுவார்கள். எனவே கீழ்க்கொக்கியைக் கழற்றித் தனியே பூட்டிவைக்க வேண்டும்.